எருது விற்று வாங்கிய வள்ளம்

1

கடல் வாடையே எட்டாத ஊரில் இருந்துகொண்டு இவள் வள்ளத்தைப் பற்றி எழுதுகிறாளாம் என்று எங்கள் கரையில் இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கப் போகிறீர்கள். சிரியுங்கோ. சிரித்து முடிந்ததும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ. இந்த மாதத்தோடு எங்கள் வள்ளம் தண்ணீரில் இறங்கி ஒரு வருஷம் நிறைகிறது. அந்த நிறைவை நான் ஒரு சண்டையோடு கொண்டாடினேன். சண்டை ஏன் வந்தது என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், கடல் தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். பெயர் திரேசம்மா. உலக யுத்த காலத்தில் தாதிப் பயிற்சிக்கென்று பெங்களூருக்கு வந்தேன். கால் முறிந்து வந்து ஆஸ்பத்திரியில் படுத்த ஒரு லொறி சாரதிக்குக் கட்டுப் போட்டேன். அவருடைய கால் நேரானது, என்னுடைய வழி கோணலானது. அவர்தான் இன்னாசி, என் வீட்டுக்காரர். அவருடைய ஊர் கிருஷ்ணகிரியிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். அங்கேதான் இப்போது குடியிருப்பு. பக்கத்து மிஷன் மருந்தகத்தில் எனக்கு வேலை.

இந்த ஊர்த் தமிழும் தமிழ்தான். ஆனால் வந்த புதிதில் ஒரு கிழவரின் நெஞ்சில் குழாயை வைத்து, "கொஞ்சம் கதையுங்கோ அப்பு" என்றேன், பேசுங்கள் என்ற அர்த்தத்தில். மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு ஊரிலே ஒரு ராஜா என்று தொடங்கிவிட்டார். வரிசையில் நின்ற சனம் எல்லாம் உட்கார்ந்து கேட்டது. இப்போது நான் தேறிவிட்டேன். என் மகள் செலின்தான் தேறவில்லை என்று சொல்ல வேண்டும், அல்லது மிதமிஞ்சித் தேறிவிட்டாள். வேப்பனப்பள்ளியிலிருந்து வந்து படிக்கிற சிநேகிதிகளோடு தெலுங்கில் சண்டை பிடிக்கிறாள், பஸ்காரரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்கிறாள். நான் கோபத்தில் எங்கள் ஊர்ப் பாஷையில் ஏசினால், "அம்மா, புரியிற மாதிரி திட்டு" என்கிறாள். ஏசினதே வீணாகப் போகிற வீடு இது.

ஊருக்கு வரலாமே என்று கேட்கிறீர்கள். முன்பு தலைமன்னார்க் கப்பலுக்கு டிக்கெட் ஒன்று போதும். இப்போது பாஸ்போட் என்கிறார்கள், விசா என்கிறார்கள். சேலத்துக்குப் போனால் மதராசுக்குப் போ என்கிறார்கள். எந்தக் காகிதத்திலும் "சொந்த ஊர்" என்ற இடம் வந்ததும் என் பேனா நின்றுவிடுகிறது. குமாஸ்தா மேசையைத் தட்டிய பிறகுதான் ஏதாவது எழுதுகிறேன்.

2

எங்கள் கடல் போகும், பிறகு வரும். இங்கே தென்பெண்ணையில் அணை கட்டியதும் வந்த தண்ணீர், வந்தது வந்தபடி நின்றுவிட்டது.

என் கொழுந்தன் சின்னப்பனின் காடு அதற்குள் போனது. காடு என்றால் இங்கே மானாவாரி நிலம். ராகியும் அவரையும் போடுவான். ஒரு மூலையில் அவனே ஆள் வைத்து வெட்டிய கிணறு. தண்ணீர் ஏற ஏற ஒவ்வொரு காலையும் போய் விளிம்பில் நிற்பான். முதலில் ராகித்தாள் மறைந்தது, பிறகு வரப்பு, பிறகு கிணற்று மேடு. நட்டஈட்டுக் காகிதம் சேலத்துக்கும் எங்களுக்கும் நடுவில் எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. உழ நிலம் இல்லாமல் அவனுடைய எருதுகள் இரண்டும் கட்டுத்தறியில் நின்று தின்றன.

அப்போதுதான் குடகுக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி ஊருக்குள் வந்தார். குடும்பத்தோடு வந்தால் வீடு உண்டு, அரிசி உண்டு, பண்டிகை கழிந்ததும் லொறி வரும் என்றார். சின்னப்பனின் பெண்சாதி லூர்து தகரப் பெட்டியைத் துடைத்துத் துணி அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

"போய்த்தான் ஆவணும் அண்ணி," என்றான் சின்னப்பன். "மாடு எத்தினி நாளைக்கு சும்மா நின்னு தின்னும்? நாந்தான் எத்தினி நாளைக்கு சும்மா நின்னு பாப்பேன்?"

நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், ராகிக்களியை விழுங்க முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். யாரும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிச் சந்தைக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்தவன் இவன். "நாத்தம் புடிச்ச சாமான்தான் உங்களுக்குப் புடிக்கும்னு அண்ணன் சொல்லிச்சு" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நீட்டினான். அன்றைக்கு நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். இவன் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கென்று ஒருவரும் இல்லை. அதுமட்டுமா, போனவள் நான். போனால் எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். அவனைப் போகவிட எனக்கு மனம் இல்லை.

அந்த நேரத்தில் மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் வந்து தண்டோரா போட வைத்தார். அணையில் மீன் பிடிக்க லைசென்ஸ் கொடுப்பார்கள். நிலம் போனவர்களுக்கு முதல் இடம். ஆனால் சொந்தமாக ஓடம் இருக்க வேண்டும், அதை ஓட்டியும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேட்டூர்ப் பரிசல்காரர்களுக்குப் போய்விடும்.

பரிசல் ஒன்று வாங்கிவிடலாம் என்றார் இன்னாசி. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "இஞ்சாருங்கோ, அது கூடை. கூடைக்குள்ளை மீனை வைக்கலாம், மனிசரை வைக்கிறதோ? அது சுத்தும், தம்பிக்குத் தலையும் சேர்ந்து சுத்தும்" என்றேன். வாய் கொடுத்தவள் வழியும் சொல்ல வேண்டும் அல்லவா? இன்னாசிதான் யோசித்துச் சொன்னார், பெங்களூரில் லொறி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு அலுமினியப் படகு கிடக்கிறது என்று. யுத்தத்தில் பட்டாளத்தார் ஆறு தாண்ட வைத்திருந்ததாம்.

சின்னப்பன் ஒரு நாள் முழுக்க யோசித்தான். மறுநாள் எருது இரண்டையும் ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் கயிறு மட்டும் இருந்தது. "ஏரை வித்து ஓடம் வாங்கறவன நான் பாத்ததே இல்ல" என்று ஊரே சிரித்தது. அவனுக்கு நீந்தத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தது.

3

படகைப் பார்த்துச் சொல்ல என்னையும் லொறியில் அழைத்துப் போனார்கள். படகு தெரிந்தவள் என்று நான் ஒருத்திதானே.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. பெண்பிள்ளை பயணத் தோணியில் ஏறலாம், தொழில் வள்ளத்தில் கால் வைக்கக்கூடாது. விரித்த வலையைக் கடக்கவும் கூடாது. கால் வைத்தால் மீன் படாது. ஆகவே வள்ளத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் கரையில் நின்று அறிந்தது. அப்பா பலகை பொருத்தும்போது பஞ்சு திரித்துக் கொடுத்திருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்த்ததற்கு அடி வாங்கியிருக்கிறேன். இதையெல்லாம் கிருஷ்ணகிரியில் யாருக்குத் தெரியும்? நானாகச் சொல்லவும் இல்லை.

படகு பழைய டின்களுக்கு நடுவில் குப்புறக் கிடந்தது. அடி நசுங்கி, ஆணிகள் கழன்று, ஒரு பக்கம் வரிசையாகப் பொத்தல். கடைக்காரர் அதை வெட்டிப் பாத்திரப் பட்டறைக்கு அனுப்ப ஆள் சொல்லி வைத்திருந்தார். "நாளைக்கு வந்திருந்தா குண்டானா பாத்திருப்பீங்க" என்றார். அப்பா பலகையைத் தட்டிக் காது வைத்துக் கேட்பதுபோல நானும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்தேன். டங் என்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. சின்னப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பரவாயில்லை" என்றேன். தராசில் நிறுத்து, நிறைக்கு விலை போட்டு வாங்கினோம். எருதுக் காசில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

வரும்போது ஓசூர் எல்லையில் மதுவிலக்குச் சோதனை. காவலர் லொறியில் ஏறித் தடியால் படகைத் தட்டினார்.

"என்னய்யா இது?"

"படகுங்க" என்றார் இன்னாசி.

"ஓசூர்ல ஏதுய்யா கடலு?"

"கிருஷ்ணகிரியில அணை கட்டியிருக்காங்கல்லங்க."

"அணைய கவர்மெண்டு கட்டுச்சு. படகையும் கவர்மெண்டே வுடும். நீ யாரு?"

சாராய வாடை வருகிறதா என்று படகை நுனி முதல் அடி வரை மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து எந்த ஊர் என்றார். நான் சும்மா கிருஷ்ணகிரி என்று சொல்லியிருக்கலாம். சிலோன் என்றேன். அவ்வளவுதான். சிலோன்காரி படகோடு போகிறாள் என்றதும் மனிதருக்கு மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. தென்பெண்ணை எங்கே போகிறது? கடலூருக்கு. கடலூரிலிருந்து எங்கே போகலாம்? "ஓஹோ" என்றார்.

"ஐயா, எனக்குக் கப்பல் இருக்கு. இந்த ஓட்டைச் சட்டியிலை நான் ஏன் போறன்?" என்றேன். சின்னப்பன் பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தான். கடைசியில், படகு என்று எழுத அவருடைய தாளில் இடம் இல்லை என்று கண்டுபிடித்தார். நெடுநேரம் யோசித்து, "அலுமினியப் பாத்திரம், பெரியது, ஒன்று" என்று எழுதி அனுப்பிவைத்தார்.

4

எங்கள் கரையில் வெயிலில் காய்ந்துபோன வள்ளத்தைத் தொழிலுக்கு எடுக்கும் முன் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பார்கள். பலகை ஊறிப் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இது எனக்குப் பால்குடி காலத்திலிருந்து தெரிந்த பாடம். ஆகவே ஊர் நடுவில் நின்றுகொண்டு, "முதலிலை ஊறப் போடவேணும்" என்று உத்தரவு போட்டேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பத்து ஆண்கள் சேர்ந்து படகைக் குட்டைக்குத் தூக்கிப் போய், கல் ஏற்றி, மூழ்கடித்தார்கள். இப்படி ஒரு கூட்டம் மறுபேச்சில்லாமல் என் சொல் கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தரம். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

இரண்டு நாள் கழித்துச் சேறும் தவளையுமாக வெளியே இழுத்தார்கள். திரும்ப மிதக்கவிட்டபோது, இறங்கியது இறங்கியபடி அமிழ்ந்தது.

அந்த வழியாக மஸ்தான் பாய் சைக்கிளில் வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி ஓட்டை அடைக்கிறவர். விஷயத்தைக் கேட்டார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். பிறகுதான் சிரித்தார், விழுந்துவிடாமல் இருக்க.

"ஏம்மா, அலுமினியம் என்ன அவலா, ஊறப்போட?"

எனக்கு முகம் எரிந்தது. சின்னப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் அவனுடைய எருது இரண்டும் நின்றன. தப்பு என்னுடையதுதான், ஆனால் அந்த நேரத்தில் பாயின் மீதுதான் கோபம் வந்தது.

"அப்ப நீர் செய்து காட்டும்" என்றேன்.

"உங்க வூட்டுக் குண்டான் ஒழுகுனா தண்ணிக்குள்ள முக்குவீங்களா, தண்ணிய உள்ள ஊத்துவீங்களா?"

செலின் உடனே, "அலுமினியப் பாத்திரம், பெரியது, ஒன்று" என்று அந்தக் காவலர் குரலில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

படகைக் கல் மேல் தூக்கி வைத்து, குடம் குடமாக உள்ளே தண்ணீர் ஊற்றினோம். எங்கே சொட்டுகிறதோ அங்கே செலின் கரிக்கட்டியால் வட்டம் போட்டாள். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில்தான் எண்ணினாள். வள்ளத்தைத் தண்ணீரில் விட்டுத்தான் எங்கள் சனம் பார்த்திருக்கிறது, தண்ணீரை வள்ளத்தில் விட்டுப் பார்த்ததை நான் அங்கேதான் கண்டேன். எனக்கு அது பிடித்துப்போனது.

ஆனால் பாய்க்கும் அன்று நேரம் சரியில்லை. விளிம்பு வரை ஊற்றச் சொன்னார். குண்டானுக்கு அது சரி. இத்தனை பெரிய பாத்திரம் நிறைந்ததும் பாரம் தாங்காமல் அடித்தகடு பிதுங்கி, நன்றாக இருந்த ஒரு மூட்டும் படாரென்று விட்டுக்கொண்டது. பாய் தாடியைத் தடவினார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் பாய்" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சமாதானமாக வேலை செய்தோம்.

5

காசில்லாத வேலைக்குக் கண் வேண்டும். மின்சாரக் கம்பி இழுக்கிறவர்கள் வெட்டிப் போட்ட அலுமினியக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி, பாய் தறையாணி செய்தார். ஒட்டுப் போட, ஊரில் அடி தேய்ந்த குண்டான்கள் கிடைத்தன. ரோட்டு வேலைக்காரரின் தார் டின்னைச் சுரண்டிக் கிடைத்ததில் பழந்துணியை முக்கி, ஒட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்தோம். அது என் யோசனை. பலகைக்குப் பஞ்சு திரித்த கை அல்லவா? பாய் முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். உட்காருகிற பலகைக்கு மாம்பழப் பெட்டி. இன்னாசி தேன்கனிக்கோட்டைப் பக்கம் லோடு போனபோது மூங்கில் கொண்டுவந்தார், அதில் இரண்டு துடுப்பு ஆனது.

ஆணி தறைய இரண்டு ஆள் வேண்டும். வெளியே ஒருவர் சுத்தியலால் அடித்தால், உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். நடுப்பகுதியில் சின்னப்பன் பிடித்தான். மூக்குப் பகுதி ஒடுக்கம். அவனுடைய தோள் நுழையவில்லை. இன்னாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வயிறு நுழையாது. செலினுக்கு அந்தக் கட்டியைத் தூக்கவே முடியவில்லை.

"அண்ணி, நீங்கதான் ஒல்லி. உள்ள போங்க" என்றான் சின்னப்பன்.

நான் நின்றேன். கட்டி கையில் கனத்தது. இது இன்னும் வள்ளம் ஆகவில்லை, வெறும் தகடு என்று ஒரு மனம் சொன்னது. குட்டையில் ஊறப் போட்டாயே, தண்ணீர் பட்டதே என்று மற்ற மனம் சொன்னது. தரையில்தானே நிற்கிறது என்று இது. தொழிலுக்குத்தானே போகப்போகிறது என்று அது. பங்குச் சாமியாரைக் கேட்டால் இரண்டும் மூடநம்பிக்கை என்பார், அவருக்கென்ன, அவர் மீன் பிடிக்கிறவரா?

"என்னம்மா, பூரான் கீரான் இருக்குதா?" என்றார் பாய்.

"இல்லை" என்றேன். இவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நான் சொல்லாதவரை இந்த ஊரில் அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த எண்ணம் வந்ததும் எனக்குச் சிரிப்பு முட்டியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே இறங்கினேன். முகத்துக்கு நேரே சுத்தியல் இடி இடித்தது. ஒவ்வொரு அடிக்கும் பல் ஆடியது. அத்தனை சத்தத்துக்குள்ளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்ன வயதில் எட்டிப் பார்த்து அடி வாங்கிய இடத்துக்குள் கடைசியில் முழு ஆளாகப் படுத்திருந்தேன்.

6

ஓட்டிக் காட்டுகிற நாள் வந்தது. மேட்டூர்க்காரர்கள் பரிசல்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். அக்கரையில் சுண்ணாம்பு அடித்த ஒரு பாறை. இருவர் ஏறி, அதுவரை போய்த் திரும்ப வேண்டும் என்றார் அதிகாரி. பண்டிகைக்கு இன்னும் சில நாள்தான். லூர்துவின் தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது.

இன்னாசி லோடோடு மைசூரில் மாட்டிக்கொண்டார். ஊர் ஆண்களில் ஒருவர்கூட ஏற முன்வரவில்லை. குட்டையில் அது மூழ்கிய அழகைப் பார்த்தவர்கள் அல்லவா?

நான் ஏறினேன். இந்த முறை தண்ணீர் மேல், எல்லோருக்கும் முன்னால். அதிகாரி மட்டும் புருவத்தைத் தூக்கினார்.

துடுப்பு ஒன்று எனக்கு, ஒன்று சின்னப்பனுக்கு. கரையை விட்டு வந்ததும் அவன் துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கண்ணை இறுக மூடி மாதாவுக்கு அருள்நிறை மந்திரம் சொன்னான். நான் ஒருத்தி மட்டும் துடுப்பு வலித்தால் படகு என்ன செய்யும்? வட்டம் போட்டது. கரையில் இருந்து சிரிப்பு கேட்டது. போதாததற்கு என் காலடியில் ஓர் ஆணி கசியத் தொடங்கியது. குதிகாலை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"தம்பி, துடுப்பை எடு! கூடை சுத்தும் எண்டு சொல்லிப்போட்டு இப்ப நான் சுத்திறன்! என்ரை மானம் போகுது!"

"முடியல அண்ணி. கீழ தண்ணி."

"கீழை தண்ணிதான் இருக்கும். கண்ணைத் திறந்து தூரத்தைப் பார்."

திறந்தான். படகு தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆகவே அவன் எல்லாத் திசையையும் பார்த்தான். தண்ணீருக்கு மேல் மண்டை மட்டும் தெரிந்த பட்டுப்போன புளியமரத்தைப் பார்த்தான். அதற்குப் பின்னால் கரடு என்கிற மொட்டைக் குன்றைப் பார்த்தான். திரும்பச் சுற்றி வரும்போது கழுத்தை நீட்டித் திரும்பவும் பார்த்தான். கைகள் விளிம்பை விட்டன.

"அண்ணி, நிறுத்துங்க. அந்த மரமும் கரட்டு மூக்கும் ஒண்ணா நிக்குது பாருங்க. இது என் கெணறு."

நான் கீழே பார்த்தேன். பச்சைத் தண்ணீர் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவன் துடுப்பை எடுத்துவிட்டான். "நேரா போவாதீங்க, வேலிமுள்ளு நிக்குது, மாட்டிக்கும். இப்பிடி வலப்பக்கமா வாங்க. இங்க வரப்பு. இதத் தாண்டுனா மேட்டுக்காடு, அவரை போட்டிருந்தேன். அப்புறம் பள்ளம்." என் காலடியில் ஆணி கசிகிறது, மனிதன் தன் காட்டுக்குள் நடக்கிறான். அவன் சொன்ன வழியில் வலித்தேன். ராகிக் காட்டைத் தாண்டி, பக்கத்துக் காட்டுக்காரனின் களத்தைத் தாண்டி, சுண்ணாம்புப் பாறையில் போய் முட்டினோம். நான் கரையில் நின்று வள்ளம் படித்தவள், தண்ணீர் எனக்குத் தெரியும். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மேட்டூர்க்காரர்களுக்கு அது தெரியாது. அவர்களுடைய வலைகள் முதல் மாதத்திலேயே அந்த வேலிமுள்ளில் கிழிந்தன.

திரும்பி வந்ததும் அதிகாரி பேனாவைத் திறந்தார். "படகுக்குப் பேர்?"

"செவலைங்க" என்றான் சின்னப்பன். விற்ற எருதில் மூத்ததன் பெயர்.

"வெள்ளையா இருக்குதேய்யா?"

"இருக்கட்டுங்க."

லைசென்ஸ் கிடைத்தது. மேஸ்திரியின் லொறி வந்தபோது சின்னப்பன் ஏறவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஒரு வருசம் பாக்கறங்க. அடுத்த பண்டிகைக்கு வந்தீங்கன்னா சொல்றேன்" என்றான். தகரப் பெட்டியின் கட்டை லூர்து அவிழ்க்கவில்லை. அது கட்டினபடியே பரணில் ஏறியது.

7

அந்தப் பெட்டி ஒரு வருஷமாக என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. மீன் சில நாள் பட்டது, பல நாள் படவில்லை. கெண்டை கிடைத்தால் கிருஷ்ணகிரிக்குச் சைக்கிளில் போகும். கெளுத்தி கிடைத்தால் என் சட்டிக்கு வரும். விடுமுறை நாளில் நானும் சில சமயம் ஏறிப் போவேன். "எப்பிடி தம்பி, இருப்பியோ, போவியோ?" என்று கேட்டால், "இன்னும் தெரியல அண்ணி" என்பான். பொய் சொல்லத் தெரியாத ஆள். அதுதான் பயமாக இருந்தது.

போன கிழமை மேஸ்திரி ஊருக்குள் வந்துவிட்டார் என்று மருந்தகத்தில் ஒருத்தி சொன்னாள். எனக்கு அன்றைக்கு ஊசி போடக் கை ஓடவில்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நேரே கரைக்குப் போனேன், அவனிடம் ஒரு முடிவு கேட்டுவிட வேண்டும் என்று. சின்னப்பன் செவலையில் வலை அடுக்கிக்கொண்டிருந்தான். ஏறி உட்கார்ந்தே பேசுவோம் என்று வழக்கம்போலக் காலைத் தூக்கினேன்.

"அண்ணி, காலை எடுங்க."

"என்ன?"

"கரையிலயே இருங்க அண்ணி. தொழில் பண்ற படகு. பொம்பளைங்க ஏறுனா மீன் படமாட்டேங்குது."

தூக்கிய காலை இறக்காமலே கத்தினேன்.

"அடேய், உனக்கென்ன விசரோ, பைத்தியமோ? ஆர் உனக்கு இதைச் சொன்னது? மேட்டூர்க்காரங்களோ?"

"யாரும் சொல்லலீங்க. நானே பாத்துக்கிட்டுதான் வர்றேன். நீங்க ஏறுன அன்னிக்கெல்லாம் கம்மிதான். போன வாரம் லூர்து ஏறுனா, ஒண்ணும் படல. செலின் வலையத் தாண்டுச்சு, அன்னிக்கே வலை கிழிஞ்சுது."

"வேலிமுள்ளிலை கிழிஞ்சது! உன்ரை சொந்த வேலி! மூக்குக்குள்ளை படுத்து முட்டுக் கொடுத்தது ஆர்? கசிஞ்ச ஆணியைக் குதிகாலாலை பிடிச்சது ஆர்?"

"அதெல்லாம் நெசந்தான் அண்ணி. உங்களாலதான் எல்லாமே," என்றான் மிகவும் மரியாதையாக. "ஆனா தொழில்னு ஒண்ணு இருக்குதில்ல?"

கடல் தாண்டி, எல்லை தாண்டி, ராகிக்களி தாண்டி வந்து குடியிருக்கிறேன். அந்த விதி எனக்கு முன்னால் வந்து இந்தக் கரையில் நிற்கிறது, யாரும் கொண்டுவராமலே. எங்கள் கரையிலும் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும், என்றோ ஒருநாள் ஒருவனுக்கு மீன் படாத ஆத்திரத்தில். மூத்தோர் சொல் என்று நாங்கள் தலையில் தூக்கி வைத்திருப்பது ஒரு சின்னப்பன் சொல்தானோ? நான் அவனைப் பார்த்தேன். வலையை மடித்த கை என்னைக் கவனிக்கவே இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தால் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் அப்பாவும் விடியலில் அப்படித்தான் நிற்பார், அம்மா கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

ராகி விதைக்கிறவனுக்கு இந்தப் பயம் வராது. குடகுக்குப் போகிறவனுக்கும் வராது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பரணில் இருக்கிற பெட்டியைப் பற்றியோ மேஸ்திரியைப் பற்றியோ நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆனால் அதற்காக நான் கரையில் நிற்பேன் என்று நினைக்காதேயுங்கோ. சேலையைத் தூக்கிச் செருகினேன். வலது காலை வைத்து ஏறி, மாம்பழப் பெட்டிப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"தள்ளடா" என்றேன்.

என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். தள்ளினான்.

அன்றைக்கு எங்களுக்கு ஒரு கெளுத்திகூடப் படவில்லை.